பந்தியில் சொல்லாத குடில்

பூவலிங்கம் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் கனவுகூடக் காணமாட்டார். மடத்தில் சேர்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. எங்கள் தலைவி தாயம்மை அவருக்கு மகள் வயசு. ஆனாலும் எல்லோருக்கும் போல அவருக்கும் அம்மாதான்.

ஒரு நாள் காலை மாட்டுத் தொழுவத்தில் வைத்துக் கேட்டார்.

"அம்மா, என் பையன் மடத்துக்கு டிஜிட்டல் காசு அனுப்புறேங்கிறான். அதுக்குப் பேங்கே கிடையாதாம். ஒரே காசை ஒருத்தன் ரெண்டு பேருக்குக் கொடுத்தா யார் தடுக்குறது? கேட்டா, ஊர்ப்பட்ட கம்ப்யூட்டரும் சேர்ந்து பார்த்துக்கும்கிறான். தலைன்னு ஒண்ணு வேணாமா?"

அம்மா ஒரு சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"ஓடைக்கரைக் குடில் உங்களுக்கு, ஐயா."

அந்தக் குடிலில்தான் கண்ணை மூட வேண்டும் என்று பூவலிங்கம் எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அழுதுவிட்டார் மனுஷன்.

எங்கள் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் யாருக்கு எதைக் கொடுத்தாலும், கொடுத்தவரோ வாங்கியவரோ பந்தியில் எழுந்து சொல்ல வேண்டும். ஏற்கெனவே கொடுத்த பொருள் இல்லை என்று பந்தி ஒத்துக்கொண்டால், பழைய கொடைகளுக்குப் பின்னால் அதுவும் சேரும். அப்புறம் ஒவ்வொரு வேளையும் முதல் கவளத்துக்கு முன்னால், முதல் கொடையிலிருந்து கடைசிவரை எல்லோரும் சேர்ந்து சொல்வோம். எழுதி வைப்பதில்லை. இடையில் ஒன்றை மாற்ற நினைப்பவன் அத்தனை வாயையும் மாற்ற வேண்டும்.

அன்று மதியப் பந்தியில் பூவலிங்கம் எழுந்தார். "பெரியகுளத்து வீடு இனி என் தம்பி மகளுக்கு" என்றார். குடில் கிடைத்த பிறகு வீடு எதற்கு என்ற நினைப்பு. சேர்த்துச் சொன்னோம். குடிலைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அம்மாவே கொடுத்தாயிற்று, இவர்களிடம் வேறு சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டார். சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிப் போய் வீட்டைத் தம்பி மகளிடம் ஒப்படைத்துவிட்டு, மறுநாள் காலை திரும்பினார்.

குடில் வாசலில் செண்பகவல்லி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் மடத்தில் எங்களில் ஒருத்தி.

"நேத்து சாயங்காலம் அம்மா எனக்குக் கொடுத்தாங்க. ராத்திரிப் பந்தியிலயே சொல்லிட்டேனே" என்றாள்.

பூவலிங்கம் நேரே காலைப் பந்திக்கு வந்து அம்மா முன்னால் நின்றார்.

"ஒரே குடிலை ரெண்டு பேருக்குக் கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன்."

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது.

"எனக்குத்தானே முதல்ல கொடுத்தீங்க?"

"அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்."

"வீட்டையும் விட்டுட்டு வந்து நிக்கிறேன். நீங்க தலைவி, நீங்க சொன்னா மாறும். மாத்திச் சொல்லுங்கம்மா."

அம்மா உடனே எழுந்தார். "ஓடைக்கரைக் குடில் பூவலிங்கத்துக்கு" என்று உரக்கச் சொன்னார்.

நாங்கள் வழக்கம்போல முதல் கொடையிலிருந்து ஆரம்பித்தோம். பெரியகுளத்து வீடு தம்பி மகளுக்கு என்றோம். ஓடைக்கரைக் குடில் செண்பகவல்லிக்கு என்றோம். அம்மா மறுபடி சொன்னார். அந்தக் குரல் எங்கள் குரலில் அமுங்கிப் போயிற்று. அம்மாவின் சொல்லையே தள்ளிவிட்டோம் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

பூவலிங்கம் இன்னும் உட்காரவில்லை.

அம்மா பக்கத்து மணையைத் தட்டிக் காட்டினார்.

"தலையாலயே மாத்த முடியல, பார்த்தீங்களா ஐயா. உட்காருங்க. கஞ்சி ஆறுது. உங்க குரல் ஒண்ணுதான் இன்னும் சேரலை."