உப்பம்மா பலகை யாருக்கு?

கண்ண லேசா மூடிக்கங்க. தூங்கிடாதீங்க, கடைசியில ஒரு கேள்வி இருக்கு.

ராமேஸ்வரம் போற வழியில, சவுக்குத் தோப்புக்கு நடுவுல ஒரு மடம். அங்கேருந்து கடல் தெரியாது. ஆனா கூடத்துல உக்காந்தா, அலை நமக்குள்ளயே எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார்ற மாதிரி இருக்கும். மணல் காத்துல மிதந்து வந்து, யாரையும் கேக்காம மூலையில படுத்துக்கும். ஆதியிலேர்ந்தே அந்த மடத்துக்குப் பொம்பளைங்கதான் குரு. கூடத்துல ஒரு மரப்பலகை கிடக்கு. அதுல உக்கார்றவதான் தலைவி.

கடைசியா உக்காந்திருந்தவங்க உப்பம்மா. வந்தவங்க எல்லாருக்கும் போட்டுட்டுதான் அவங்க சாப்பிடுவாங்க. அதுக்குள்ள சாம்பார், ரசம், அப்பளம் எல்லாம் மோட்சம் போயிருக்கும். மிச்சம் சோறும் உப்பும்தான். அதனாலதான் அந்தப் பேரு. அந்த இலையிலயும் கை வைக்கறதுக்கு முந்தி வாசல்ல போய் நின்னு, "பசிச்சவங்க இன்னும் யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு கூப்பிடுவாங்க. யாராவது "ஆமா"ன்னுட்டா போச்சு, அந்தச் சோறும் அவங்களுக்கு. இவங்க பானையச் சுரண்டப் போயிருவாங்க.

உசுரு போறப்ப சிஷ்யைங்க மூணு பேரையும் பக்கத்துல கூப்பிட்டாங்க. "நான் போன நாப்பத்தெட்டாம் நாள், என் மண்டல பூசை அன்னிக்கு, நான் சாப்பிடுற மாதிரி எவ கடைசியா சாப்பிடுறாளோ, அவ பலகையில உக்காரட்டும்."

அப்படியே கண்ண மூடிட்டாங்க.

மூணு பேரு யாருன்னா: பர்வதவர்த்தினி, ஒரு காலேஜ்ல வாத்தியார் வேலைய விட்டுட்டு வந்தவ. அவ திருவாசகம் பாடுனா சவுக்கு மரம் கூட ஆடாம நிக்கும். சண்முகத்தாய்க்கு அடுப்படி. சொன்ன சொல்லுலேர்ந்து ஒரு கடுகு அளவு நகர மாட்டா. முத்திருளாயி முன்னாடி பஸ் கண்டக்டர். இன்னும் இடுப்புல விசில் இருக்கும். பந்தியில ஜனங்களை "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு"ன்னு தள்ளுவா. பலகை மேல ஆசைன்னு வெளிப்படையா சொன்னவ அவ ஒருத்திதான்.

பூசை நாள் வந்துச்சு. அன்னிக்கு விளக்கு வைக்கறதுக்குள்ள பலகையில யாரும் உக்காரலேன்னா, மடம் டவுன்ல இருக்கற பெரிய மடத்துக்குப் போயிரும். ஒரு ஆம்பள சாமியார் வந்து உக்காந்துக்குவாரு. அவங்க ஆளுங்க வாசல்ல வந்து நின்னாச்சு.

ஊரே சாப்பிட்டுப் போச்சு. மூணு பேரும் மூணு இலையில சோறு போட்டு வச்சு உக்காந்திருக்காங்க.

"நீ சாப்பிடுக்கா, அடுப்புல வெந்தவ நீதான்."

"நீ மொதல்ல சாப்பிடும்மா, பாடிப் பாடித் தொண்டை காஞ்சிருக்கும்."

"முத்து, சின்னவ நீ. வயிறு தாங்காது."

"அட போங்கக்கா, என் வயிறு டெப்போவுலயே பழகுனது."

அவ்வளவு பாசமான சண்டைய உலகத்துல யாரும் பாத்திருக்க மாட்டாங்க. வெயில் மஞ்சளாகி, கூடமே தேனுக்குள்ள முங்கின மாதிரி ஆயிருச்சு. பலகை தரையை விட்டு லேசா மிதக்குற மாதிரி தெரிஞ்சுது. பசியில எல்லாமே மிதக்கும், அது வேற.

அப்பதான் வாசல்ல ஒரு அம்மா வந்து சாஞ்சாங்க. சல்வார், தலையில துப்பட்டா, கையில இரும்பு வளையம். பேரு ஜஸ்பீர் கவுர், சீக்கியக்காரங்க. ராமேஸ்வரம் குருத்வாராவுக்குக் கிளம்பினவங்க. வழியில வண்டி பழுதாகி, வெயில்ல நடந்தே வந்திருக்காங்க. கை நடுங்குது. சண்முகத்தாய் ஓடிப் போய் மிச்சமிருந்த சாம்பாரை எல்லாம் வழிச்சு, சோறு போட்டா.

இவங்களுக்குத் தமிழ் தெரியுமோன்னு பர்வதவர்த்தினி இந்தியில யோசிச்சுட்டிருக்கறப்ப, அந்தம்மா கேட்டாங்க: "இன்னாம்மா, நீங்க துன்னலியா?" பொறந்து வளந்ததெல்லாம் சென்னை!

"நாங்க அப்புறமா..."

"எங்க குருத்வாராவுல எம்மாம் பெரிய ஆள் வந்தாலும் தரையில வரிசையா குந்தி ஒண்ணாதான் துன்னணும். நான் மட்டும் துன்ன, நீங்க பாத்துனு இருந்தா எனக்கு எறங்காதும்மா."

சோத்துல கையே வைக்கல.

முத்திருளாயி பலகையப் பாத்தா. அந்தக் கையைப் பாத்தா. இலையை எடுத்துட்டுப் போய்ப் பக்கத்துல உக்காந்து, ஒரு பிடி வாயில போட்டா. "ம், சாப்பிடுங்க, வண்டி கிளம்பிருச்சு." அவ வாய்க்குப் போனது அந்த ஒரு பிடிதான். பேச்சுவாக்குல மிச்ச சோறெல்லாம் ஜஸ்பீர் இலைக்கு நகர்ந்துருச்சு.

பர்வதவர்த்தினிக்குக் கண்ணு கலங்கிருச்சு. வெளிய பாத்தா சூரியன் தோப்புக்குள்ள இறங்குது. "நாம ரெண்டு பேரும் இப்படியே உக்காந்திருந்தா மடம் போயிரும்க்கா. நீயே பலகையில உக்காரு"ன்னு சொல்லிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டா.

சண்முகத்தாய் கடைசியா, தனியா, வெறும் சோத்தையும் உப்பையும் சாப்பிட்டு, கை கழுவிட்டுப் பலகைக்கிட்ட வந்தா.

விருந்தாளிக்காக விட்டுக்கொடுத்தவ ஒருத்தி. மடத்துக்காக விட்டுக்கொடுத்தவ ஒருத்தி. குரு சொன்ன சொல்லைக் கடைசி வரைக்கும் காப்பாத்துனவ ஒருத்தி. சொல்லுங்க, பலகை யாருக்கு?

யோசிச்சாச்சா? சண்முகத்தாய் ஒரு காலைத் தூக்கிப் பலகையில வைக்கப் போனவ, அப்படியே நின்னுட்டா. "ஐயோ, நான் வாசல்ல கூப்பிடலியே!" உப்பம்மா சாப்பிடுற மாதிரின்னா கூப்பிட்டுட்டுல்ல சாப்பிடணும்? ஓடிப் போய் வாசல்ல நின்னு கூப்பிட்டா. பெரிய மடத்துக்காரங்க வேண்டாம்னு கையாட்டினாங்க. நல்லவேளை, சாப்பிட்டுட்டுதான் வந்திருந்தாங்க. பின்னாடி கூடத்துலேர்ந்து ஒரு சின்னக் குரல்: "நான் இருக்கேன்க்கா." முத்திருளாயி. ஒரு பிடி சோறு எந்த மூலைக்கு? சண்முகத்தாயே பானையச் சுரண்டி, இலையில சோறும் உப்பும் வச்சா. முத்திருளாயியும் வாசலுக்குப் போய் ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்தா. அலைச் சத்தம் மட்டும்தான் வந்துச்சு. அன்னிக்குக் கடைசியா சாப்பிட்டவ அவதான். முத்திருளாயி பலகையில உக்காந்த பொறகுதான் பர்வதவர்த்தினி விளக்க ஏத்தினா. முத்திருளாயி இடுப்புலேர்ந்து விசிலை எடுத்து ரெண்டு ஊது ஊதினா. ரைட்டு, போலாம்!