வற்றாத பானை

பூவலிங்கம் காலம் பூராவும் பஸ் கண்டக்டராக நின்றே பிழைத்தவர். ரிட்டையர் ஆன பிறகும் அவரை ஓர் இடத்தில் உட்கார வைக்க யாராலும் முடியவில்லை. அதிலும் இந்தக் கோடையில் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி அலைந்தார். காரணம், ஒரு புங்கங்கன்று.

அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு எதிரே வெறும் பொட்டல். போன வருஷம் அவர் மனைவி இசக்கியம்மாள் உள்ளே கிடந்தபோது, ஆம்பிளைகளுக்கு இங்கே இடமில்லை என்று அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த வெயிலில்தான் நாள் முழுக்க நின்றார். அவள் பிழைத்து வரவில்லை. காரியம் முடிந்த கையோடு, நின்ற இடத்திலேயே கன்றை நட்டார். இன்னொருத்தன் அங்கே வெயிலில் வேகக்கூடாது, அவ்வளவுதான் அவர் ஆசை.

ஆஸ்பத்திரி வளாகத்தில் மரம் வளர்க்க ஒரு கூட்டம் இருந்தது. சம்பளம் கிடையாது, சண்டை மட்டும் உண்டு. தண்ணீரோ லாரியில் வருவது. லாரி வராத வாரமும் உண்டு. அவர்களுக்கு வழி சொல்பவள் ஜெனோவா. நாற்றுப்பண்ணை வைத்திருப்பவள், பூவலிங்கத்துக்கு மகள் வயசு. ஆனாலும் அவர் அவளைத்தான் குருவாக வரித்துக்கொண்டிருந்தார். கன்றுக்குப் பக்கத்தில் மண்பானையைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால், அது கசியக் கசிய மண் தன் தாகத்துக்குத் தக்கபடி குடித்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

எல்லாரும் சந்தையில் பானை வாங்கினார்கள். பூவலிங்கம் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். இசக்கியம்மாள் குடிதண்ணீர் ஊற்றி வைத்திருந்த பானை.

மற்றவர்கள் பானையெல்லாம் அடுத்த லாரி வருவதற்குள் காலி. இவருடையது மட்டும் நிறைந்தே கிடந்தது. சிக்கனத்தை அண்ணாச்சியிடம்தான் கத்துக்கணும் என்று கூட்டமே மெச்சியது. அவருக்கும் உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சி எத்தனை நாளைக்கு? கன்றின் இலை சுருண்டது, பழுத்தது, உதிர ஆரம்பித்தது.

அப்புறம் என்ன, ஆளுக்கொரு வைத்தியம். கன்றைச் சுற்றி மண் காயாமல் சருகு மூடாக்குப் போடச் சொன்னார் ஒருவர். போட்டார். கரையான் வரும், எடுத்துவிடும் என்றார் இன்னொருவர். எடுத்தார். ஓலைப்பந்தல் போடச் சொன்னவர் பேச்சையும் கேட்டார், கிளையைக் கழிக்கச் சொன்னவர் பேச்சையும் கேட்டார். பாவம், கழிப்பதற்கு அதில் என்ன இருந்தது? கூட ஒரு குடம் ஊற்ற மட்டும் அவருக்குக் கை வரவில்லை. பானைதான் நிறைந்திருக்கிறதே, அடுத்தவன் பங்கை எடுப்பதாவது என்று நினைத்தார்.

கடைசியில் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். தேறாத கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, இருக்கிற தண்ணீரைத் தேறுகிறவற்றுக்கு விடுவதென்று. எந்தக் கன்று என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் புங்கன் பக்கம்தான் போனது. பூவலிங்கம் அங்கிருந்தே பண்ணைக்கு ஓடினார்.

"நான் எதுல குறை வச்சேன்? சொல்லும்மா."

ஜெனோவா அவரோடு கிளம்பி வந்தாள். பானையை ஒட்டி மண்ணில் விரலை விட்டாள். புழுதிதான் வந்தது. மூடியைத் திறந்தாள். தண்ணீர் தளும்பியது.

"இது வீட்டுல இருந்தப்ப அடியில என்ன போட்டிருந்தாங்க, அண்ணாச்சி?"

"மணல்."

"மணல் எப்படி இருக்கும்?"

"எப்பவும் ஈரமாத்தான் கிடக்கும். அவ அதுல நாலு மல்லி விதையைத் தூவி வச்சிருப்பா. அதுபாட்டுக்கு..."

அவரே களைக்கொத்தை எடுத்துப் பானையைச் சுற்றித் தோண்டினார். கழுத்துக்குக் கீழே முழுக்கப் பச்சைப் பெயின்ட். மண் அரித்துவிடக் கூடாதே என்று, ஜன்னல் கம்பிக்கு அடித்தது போக மிஞ்சியதை அவரே அழுத்தமாகப் பூசியிருந்தார்.

ஜெனோவா பானைத் தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றினாள். ஒரு செங்கல் துண்டைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சுரண்டச் சுரண்டப் பெயின்ட்டோடு பானையும் பொடிப் பொடியாக உதிர்ந்தது. கை நின்றுவிட்டது.

ஜெனோவா அதைப் பார்த்துவிட்டு, மனசு வரவில்லையென்றால் இதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள், பண்ணையில் வேறு பானை இருக்கிறது என்றாள்.

பூவலிங்கம் பானையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. கன்று அவ கையால குடிக்கட்டும்னுதான் இதைக் கொண்டாந்தேன்." மறுபடி சுரண்டத் தொடங்கினார். கொஞ்சம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டார். "இப்படிப் புதைச்சா, பானை எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"கன்று பிழைச்சுதுன்னா, வேரே உடைச்சிரும் அண்ணாச்சி."