உள்ளே போன முடி

மேட்டு அவல்பாளையத்து மாட்டுத் தரகர்கள் மூன்று பேரைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் சந்தைப் பக்கமே போனதில்லை என்று அர்த்தம். காளை கிளப்பும் புழுதியைப் பார்த்தே அதற்கு எத்தனை பல் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் "இங்கயே நில்லுங்க, வந்தர்றேன்" என்று யாராவது சொல்லிவிட்டுப் போனால், சந்தை கலைந்து பந்தலைப் பிரித்து கம்பத்தைப் பிடுங்கிய பிறகும் அங்கேயே நிற்பார்கள். சொன்னால் சொன்னதுதான்.

மூவரில் மூத்தவன் சென்னியப்பன். பதினொரு வயதில் அடுத்தவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய், உதைபட்டு, ஏமாந்து, வாயாலேயே சம்பாதித்து எழுந்து நின்றவன். கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கும். வாழைப்பழம் வாங்கினாலும் தோலுக்குத் தனியாகத் தள்ளுபடி கேட்பான். மற்றவர்களில் நாச்சிமுத்து, எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். கருப்பணன் யோசித்துவிட்டுத் தலையாட்டுவான். அந்த யோசனைதான் ஆபத்து.

சென்னியப்பனுக்கு முப்பத்தெட்டு வயது. பெண் பார்க்கப் போகும் ஒவ்வொரு தடவையும், முந்தின நாள் முடி வளரும் போக்குக்கு எதிர்வாட்டத்தில் இரண்டு முறை சவரம் செய்துகொள்வான். சுருட்டை முடி. வெளியே வராமல் தோலுக்குள்ளேயே திரும்பி வளர ஆரம்பித்தது. விடுவானா அவன்? மாட்டுக் குளம்பில் முள் எடுக்கும் முள்வாங்கியை எடுத்துத் தோண்டினான். தோண்டின இடமெல்லாம் கட்டி, கட்டி ஆறின இடமெல்லாம் கரும்புள்ளி. தாடை முதல் தொண்டைக்குழி வரை கடுகு தாளித்துக் கொட்டினது போல ஆகிவிட்டது.

இருபத்திரண்டு வீடுகள் வேண்டாம் என்றன. இருபத்து மூன்றாவது வீடு வெள்ளகோவிலில். பெண் பெயர் செல்வநாயகி. நூல் மில்லில் நூலின் தரம் பார்க்கிற வேலை. அவள் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நூல்கண்டைப் பார்ப்பது போல அவன் கழுத்தைப் பார்த்தாள்.

"ஆளு புடிச்சிருக்குதுங்க. கழுத்துத்தான் புடிக்கல" என்றாள். "ஈரோட்டுல ஒரு டாக்டரம்மா லேசர்ல சரி பண்றாங்க. பண்ணிட்டுத் தை பொறந்து வாங்க. கழுத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்."

சென்னியப்பனுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் அரைச் சம்மதம். அதைக் கைநழுவ விடுவதில்லை என்று மூன்று பேரும் அன்று மாலையே முடிவு செய்தார்கள்.

ஈரோட்டில் டாக்டரம்மா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கை மேல் போட்டு, துண்டுக்குள் கையை விட்டு அவருடைய இரண்டு விரல்களைப் பிடித்தான். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். எத்தனை விரலோ அத்தனை விலை, வெளியே பேச்சே இருக்காது. டாக்டரம்மா துண்டைப் பார்த்தார். பிறகு கையை உருவிக்கொண்டார்.

"ரெண்டுக்கு எறங்க மாட்டேங்கறாங்க" என்று சென்னியப்பன் மரியாதையோடு சொன்னான். "கெட்டி ஆளு."

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஒளி முடியின் வேரைச் சுடும். மாதம் ஒன்றாக ஆறு தடவை வர வேண்டும். சுட்ட முடி தானாக உதிரும். உள்ளே வளர்ந்த முடியும் தானாக வெளியே வரும், பிடுங்கவோ தோண்டவோ கூடாது. வெயில் கழுத்தில் படக்கூடாது, பட்டால் புள்ளி இன்னும் கறுக்கும். வருவதற்கு முதல் நாள் சவரம் செய்துவிட்டு வர வேண்டும். முடியோடு வந்தால் உள்ளே விடமாட்டேன் என்று மூவரையும் பார்த்துச் சொன்னார். மறந்துவிடக் கூடாது என்பதற்காக, மூவரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டு மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

வலிக்குமா என்று நாச்சிமுத்து கேட்டதற்கு, ரப்பர் பேண்டை இழுத்துவிட்டால் சுளீரென்று இருக்குமே, அவ்வளவுதான் என்றார்.

அது போதும் நாச்சிமுத்துவுக்கு. புதுக் காளையை ஏரில் பூட்டுவதற்கு முன் பழக்குவதில்லையா? ஒரு வாரம் காலையில் நூறு, மாலையில் நூறு என்று சென்னியப்பன் கழுத்தில் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டான். முதல் தடவைக்குப் போனபோது டாக்டரம்மா திடுக்கிட்டு, கழுத்து ஏன் தக்காளி மாதிரி இருக்கிறது என்று கேட்டார்.

"பழக்கி வெச்சிருக்கறமுங்க" என்றான் நாச்சிமுத்து.

சிவப்பு ஆறிய பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். ஒருவழியாக முதல் தடவை முடிந்தது.

அதன்பின் வெயில் பிரச்சினை. கழுத்தின் முன்பக்கத்தில் வெயில் படக்கூடாது, சந்தையோ கிழக்கே. காலையில் கிழக்கே நடந்தால் சூரியன் நேராகத் தொண்டைக்குழியில் அடிப்பான். மேற்கே போகலாம், ஆனால் மேற்கே சந்தை கிடையாது. கருப்பணன் யோசித்தான். அன்று முதல் சென்னியப்பன் சந்தைக்குப் பின்பக்கமாகவே நடந்து போனான். சாயங்காலம் சூரியன் மேற்கே போய்விடுவதால், திரும்பி வரும்போதும் பின்பக்கமாகவே நடந்தான். அவன் கயிறு பிடித்துக் கூட்டிப்போன காளைகள் வழிநெடுக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தன. அந்தச் சங்கடத்தில் நல்லவிதமாக அடங்கின என்று சந்தையில் பேச்சு.

இரண்டாம் தடவை போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மூன்று பேரும் மழமழவென்று சவரம் செய்துகொண்டார்கள். முடியோடு வந்தால் உள்ளே விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாரே. காலையில் பஸ் வந்தது. ஏறப்போன சென்னியப்பனைக் கருப்பணன் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணா, கண்டக்டருக்குத் தாடி."

"இருந்தா?"

"அவரும் நம்மகூடத்தான ஈரோடு வர்றாரு?"

நாச்சிமுத்து தலையாட்டினான். அந்த பஸ்ஸை விட்டார்கள். அடுத்ததில் டிரைவருக்கு மீசை. மூன்றாவதில் எல்லோரும் சுத்தம், ஆனால் முதல் சீட்டில் ஒரு சாமியார். நான்காவது பஸ் வரவே இல்லை. இப்படியாக அந்த மாதம் போயிற்று. அடுத்த மாதத்திலிருந்து, தெரிந்தவர் ஒருவரின் வேனைப் பிடித்து, அவருடைய மீசையைச் சென்னியப்பன் ஒன்றரை மணி நேரம் பேரம் பேசி எடுக்க வைத்தான்.

புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மங்குகிறதா என்று யார் பார்ப்பது? கருப்பணன் மாட்டுக்குக் குறி போடும் பேனாவால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தான், அடையாளம் தப்பிவிடக் கூடாது என்று. குளித்துப் பொட்டு அழியும்போதெல்லாம், ஈரோடு போன நாளில் திரும்பி வந்ததும், மறக்காமல் மறுபடி வைத்தான். கார்த்திகை வந்தது. புள்ளி ஒன்றுகூடக் குறையவில்லை.

சென்னியப்பனுக்கு ரத்தம் கொதித்தது. நாலு தடவை சுட்டும் சரக்கில் மாற்றமில்லை என்றால் என்ன வியாபாரம் இது என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டான். டாக்டரம்மா பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தார். புள்ளியெல்லாம் பஞ்சுக்கு வந்துவிட்டது. அடியில் கழுத்து சுத்தமாக இருந்தது.

"கடேசில ஸ்பிரிட்டுத்தான் மருந்து" என்றான் நாச்சிமுத்து. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

மீதி இருந்தது உள்ளே வளர்ந்த முடி. தாடையின் இடது பக்கம் ஒன்று நன்றாகவே தெரிந்துகொண்டிருந்தது. ஐந்தாவது தடவை முடிந்து நாலாம் நாள் பார்த்தால் அதைக் காணவில்லை. தானாக வெளியே வரும் என்றார்களே, வந்த முடி எங்கே?

"வெளிய வரும்னுதான் சொன்னாங்க. எங்க வரும்னு சொன்னாங்களா?" என்றான் கருப்பணன்.

"சொல்லல" என்றான் நாச்சிமுத்து.

"வெள்ளகோவில்ல பஸ் ஏறுனவன் வெள்ளகோவில்லயேவா எறங்கறான்?"

காணாமல்போன கன்றுக்குட்டியைத் தேடுவது போலத் தேடினார்கள். பிடரியில் பார்த்தார்கள், தோளில் பார்த்தார்கள். கடைசியில் நாச்சிமுத்துதான் கண்டுபிடித்தான். இடது காதுக்குள்ளிருந்து ஒரு முடி, கறுப்பாக, அரை விரல் நீளத்துக்குச் சுருண்டு எட்டிப் பார்த்தது.

"இது நேத்து இருந்துதா?"

"நேத்துக் காதைப் பாக்கலியே."

"அப்ப நேத்து இல்ல."

வாய்ப்பேச்சை நம்புகிறவன் இல்லை சென்னியப்பன். பிடுங்கத்தானே கூடாது, ஆட்டிப் பார்க்கலாம் என்றான். நாச்சிமுத்து தாடைக்கு டார்ச் அடித்துக்கொண்டு கவனிக்க, கருப்பணன் காது முடியைச் சுண்டி இழுத்தான். சென்னியப்பன் தாடை வெடுக்கென்று மேலே போனது.

"ஆடுச்சு" என்றான் நாச்சிமுத்து.

மூன்று தடவை இழுத்தார்கள், மூன்று தடவையும் ஆடியது. அப்புறம் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

தை பிறந்தது. வெள்ளகோவில் வீட்டில் செல்வநாயகி சன்னல் வெளிச்சத்தில் அவன் கழுத்தைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு முதல் முறையாகச் சிரித்தாள். அவளுடைய அப்பா தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துச் சென்னியப்பன், ஒரு விஷயம் இருக்கிறது என்று ஆரம்பித்தான். நாச்சிமுத்து அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"கைய எடுறா" என்று சீறினான் சென்னியப்பன். "கெட்ட சுழியை மறைச்சு மாடு வித்தவனா நானு? இருபத்து நாலாவது வீட்டுக்கு வேண்டாலும் போறேன், மறைச்சுக் குடுக்க மாட்டேன்."

தாடையில் உள்ளே போன முடி ஒன்று காது வழியாக வந்திருக்கிறது என்று சபையில் சொல்லிவிட்டான். தாம்பூலத் தட்டு பாதியில் நின்றது. சென்னியப்பன் காதைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினான்.

செல்வநாயகி எழுந்து வந்து காதருகே குனிந்தாள். முடியை இரண்டு விரலில் பிடித்தாள், மில்லில் இழை பிடிக்கிற பிடி. இழுத்தாள். தாடை தூக்கியது. விட்டாள். இறங்கியது. இன்னொரு தடவை இழுத்தாள்.

"சரியாத்தானுங்கப்பா சொல்றாங்க" என்றாள். "ஒரே இழைதான். இந்த முனைய இழுத்தா அந்த முனை ஆடுது."

அப்பா தட்டை நீட்டினார்.

கல்யாண மேடையில் போட்டோக்காரர், மாப்பிள்ளை தாடையைக் கொஞ்சம் தூக்கட்டும் என்றார். கருப்பணன் மேடைக்குப் பின்னால் போய்க் காரியத்தைக் கவனித்துக்கொண்டான். ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தபடி இருக்கிறான். எல்லாப் படத்திலும் அவன் காதோரம் யாருடையது என்று தெரியாத ஒரு கை.

விட்டுப்போன ஆறாவது தடவைக்கு மாசியில் போனார்கள். செல்வநாயகியும் கூட வந்திருந்தாள். டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். காதுக்குள் மட்டும் ஒரு முடி நீளமாக இருக்கிறது, அதைக் கத்தரித்து விடட்டுமா, காசெல்லாம் வேண்டாம் என்றார்.

காசு வேண்டாம் என்று கேட்டும் சென்னியப்பன் பின்வாங்கிக் காதைப் பொத்திக்கொண்டது அதுதான் முதல் தடவை. நாச்சிமுத்து கருப்பணனைப் பார்த்தான். கருப்பணன் செல்வநாயகியைப் பார்த்தான்.

அவள்தான் எழுந்து வந்து, கத்தரிக்கோல் பிடித்த டாக்டரம்மா கையை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"வேண்டாங்க டாக்டரம்மா. அதை வெட்டிட்டா இவருக்குத் தாடை தொங்கிப் போயிருமுங்க."