மரத்தடியில் நடந்த கூட்டம்

புளியங்காட்டு அரசுப் பள்ளியின் சுவர்கள் விரிசல் விட்டதால் பிள்ளைகள் மாமரத்தடியில் படித்தார்கள். மத்திய அரசின் கட்டட நிதி கேட்டு அலைந்தாள் பள்ளிக் குழுத் தலைவி தவமணி. மாடு கறந்து பிழைப்பவள். ஒருவழியாக அதைப் பற்றிய கூட்டத்துக்கு டெல்லியிலிருந்து அதிகாரி வந்தார்.

"அந்தக் காலத்தில் மரத்தடியில் படித்துத்தானே மேதையானார்கள்? கட்டடம் எதற்கு?" என்று அலட்சியமாகச் சிரித்தார்.

தவமணி கும்பிட்டாள். "சரிதாங்கய்யா. அப்போ நம்ம கூட்டத்தையும் மரத்தடியிலேயே வச்சுக்கலாம்."

சொன்ன வாயால் மறுக்க முடியாமல் போய் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்ததுமே கிளையிலிருந்து முசுறு எறும்புகள் சட்டைக்குள் விழுந்து கடித்தன. அதிகாரி துள்ளி எழுந்து ஆடினார்.

"உட்காருங்கய்யா," என்றாள் தவமணி. "எங்க பிள்ளைங்க இதுலதான் தினமும் வாய்ப்பாடு சொல்லுதுங்க."

அவர் நின்றபடியே நிதிக்கு ஒப்புதல் எழுதினார். அடுத்த மழைக்காலத்தில் பிள்ளைகள் புதுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தார்கள். தாய்மார்கள் நிம்மதியாக வேலைக்குப் போனார்கள்.