கதிர் கிள்ளாத கொல்லை

சரி, படுத்தாச்சா? காலைத் தூக்கி என் மேல போடாதே, வலிக்கும். கண்ணை மூடு. ம் கொட்டணும், தெரிஞ்சுதா? நீ ம்மை நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தாளாம். பேரு நாயகி. அவ மாமியார் பேரு குஞ்சம்மா. குஞ்சம்மா வாயைத் திறந்தா தெருவே கதவைச் சாத்திக்கும். ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டா.

நாயகி கல்யாணமாகி வந்தப்போ வீட்டுக் கொல்லை வெறும் கல்லும் முள்ளும்தான். அவ வயக்காட்டு வரப்புல கிடந்த துளசி, துத்தி, பேய்மிரட்டி எல்லாத்தையும் வேரோட கொண்டாந்து நட்டா. ஒரு தடவை நட்டா வருஷக்கணக்கா நிக்கிற மூலிகை. அப்புறம் பாரு, யாருக்கு இருமல்னாலும், எந்தப் பிள்ளைக்கு வயித்துவலின்னாலும் நாயகி கொல்லைக்குத்தான் ஓடி வருவாங்க. அவளுக்குப் பெருமை தாங்கலே. தழை கொழிக்கணும்னு விடிஞ்சதும் போய்ப் பூக்கதிர், மொட்டு எல்லாத்தையும் சட் சட் சட்னு கிள்ளிடுவா. அந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான், கதிர் விட்டா துளசிக்குத் தலை பாரம்னு சொல்லுவாங்க. "என் கொல்லையில ஒரு கதிர் காட்டுங்க, பேரை மாத்திக்கறேன்"னு நாயகி சவால் விடுவா. ம் எங்கே? ம், அப்படி.

கொல்லை மூலையில ஒரு பறங்கிக் கொடி. பொங்கலன்னிக்கு அந்தத் தெருவுல அவங்கவங்க கொல்லையில காய்ச்ச பறங்கிக்காயைத்தான் சூரியனுக்குப் படைப்பாங்க. நாயகி வீட்டுக் கொடி மட்டும் காய்க்கவே காய்க்காது. பூக்கும். பூவுக்கு அடியில கோலிக்குண்டாட்டம் பிஞ்சு வரும். அப்புறம் மஞ்சளாகிப் பொத்துன்னு விழுந்துடும்.

ஒருநாள் குஞ்சம்மா சொன்னா: "வருஷா வருஷம் அடுத்த வீட்டுக் காயை வாங்கிப் படைக்கிறோம், மானம் போவுது. இந்தப் பொங்கலுக்கும் காய்க்கலேன்னா உன் செடி கிடியெல்லாம் புடுங்கிட்டு வைக்கோல்போர் போட்டுடுவேன்."

புடுங்க விடுவாளா நாயகி? அவ வளர்த்த கொல்லையாச்சே.

அப்போ மாமியாரே ஒரு வழி சொன்னா, கண்ணேறு பட்டிருக்கும்னு. கொடிப் பந்தல்ல பழைய செருப்பும் விளக்குமாறும் கட்டித் தொங்கவிட்டாங்க. பிஞ்சு வந்துச்சு. பொத்து.

அப்புறம் நாயகி புளிச்ச மோரைக் கொண்டுபோய் வேருல ஊத்தினா. பிஞ்சு வந்துச்சு. என்னாச்சு? ஆங், பொத்து. உனக்குச் சிரிப்பு வருது, அவளுக்கு அழுகை வருது.

மூணாவது, விடியக்காலையில கொடிக்குப் பக்கத்துலேயே போய் உட்கார்ந்தா. என்னதான் நடக்குதுன்னு பாத்துடலாம்னு. அப்போ ஙொய்ங்ங்னு ஒரு தேனீ. எள்ளு மாதிரி குட்டி, கொசுத்தேனீ. கொல்லையை ஒரு சுத்து சுத்துச்சு, திரும்பிப் போகப் பாத்துச்சு.

"வந்தது வந்தே, இருந்துட்டுப் போயேன்"னா நாயகி.

"எதுக்கு இருக்கணும்? இலை போடாத வீட்டுல விருந்தாளி உட்காருவானா?"

"என்ன சொல்றே நீ?"

"உன் பறங்கிப்பூ விடியறப்போ திறக்கும், வெயில் ஏறினா மூடிக்கும். அந்த ஒரு வாய்க்காக அவ்வளவு தூரத்துலேர்ந்து வரணுமா? நாள் பூரா சாப்பிட இங்கே என்ன இருக்கு? துளசிக்கதிர் எங்கே, துத்திப்பூ எங்கே? நீதான் பந்தியில போட்ட இலையை எல்லாம் தினம் தினம் உருவிக்கறியே." ஙொய்ங்ங், போயிடுச்சு.

நாயகி துளசி, துத்தி எல்லாத்தையும் திரும்பிப் பாத்தா, ஒண்ணுலேயும் பூ இல்லை. தேனீ பூவுக்குப் பூ போகாம பிஞ்சு எப்படி நிக்கும்? எதுக்குப் பெருமைப்பட்டாளோ அதுதான் காயைக் கெடுத்திருக்கு.

அப்புறம் அவ கிள்ளறதை நிறுத்தினா. லேசுன்னு நினைச்சியா? விடிஞ்சா விரல் பரபரங்கும், கையை அக்குள்ல வச்சுக்கிட்டு நிப்பா. அடுத்த வீட்டுச் செங்கமலம் வேலிக்கு மேல எட்டிப் பாத்து, "என்ன நாயகி, பேரை எப்போ மாத்தறே?"ன்னா. அப்புறம் ஒருநாள் குஞ்சம்மாவே அரிவாளோட வந்து நின்னா.

"கதிரு முத்திப்போய்க் கொல்லை காடாக் கிடக்கு. தள்ளுடி."

"அத்தே, இது தேனீக்குப் போட்ட பந்தி. பொங்கல் வரைக்கும் பொறுங்க. காய்க்கலேன்னா உங்களுக்கு வேலை வைக்காம நானே புடுங்கிடறேன்."

குஞ்சம்மா ஒரு முறை முறைச்சா. ஆனா அரிவாளைக் கீழே போட்டுட்டா.

அப்போ துளசி கதிர் கதிரா விட்டுச்சு. துத்தி மஞ்சளாப் பூத்துச்சு, பேய்மிரட்டி ஊதாவாப் பூத்துச்சு. ஙொய்ங், ஒண்ணு வந்துச்சு. ஙொய்ங் ஙொய்ங், பத்து வந்துச்சு. அப்புறம் கொல்லையே ரீங்காரம். வந்ததெல்லாம் போற வழியில பறங்கிப்பூவுலேயும் தலையை விட்டுச்சு. பிஞ்சு வந்துச்சு. விழும்னு பாத்தா... விழலே. எலுமிச்சை ஆச்சு, தேங்கா ஆச்சு, தை பொறக்கிறப்போ ஒரு குடம் ஆச்சு.

தூங்கிட்டியா? இல்லையா. சரி, இன்னும் கொஞ்சம்தான்.

பொங்கலன்னிக்குக் காயை நாயகி தூக்கப் போனா, மாமியார் விடலே. "நீ முன்னாடி நட"ன்னு சொல்லிட்டு அவளே இடுப்புல வச்சுக்கிட்டு, தெருக்கோடி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துதான் வாசல்ல இறக்கினா. எல்லாரும் பாக்கணுமாம். நாயகிக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு.

அப்போ கொல்லையைப் பாக்க வந்த செங்கமலம், பழக்க தோஷத்துல ஒரு துளசிக்கதிரைக் கிள்ளக் கையை நீட்டினா. குஞ்சம்மா பட்டுன்னு அந்தக் கையைத் தட்டிவிட்டா.

"கையை எடு செங்கமலம். எங்க வீட்டுல பந்தி நடக்குது. சாப்பிடறவங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி எந்த வீட்டுலடி இலையை எடுப்பாங்க? என் மருமக வளர்த்த கொல்லை இது."

அவ்வளவுதான். தேனீ கூட்டுக்குப் போயிடுச்சு, பறங்கிக்காய் குழம்புக்குப் போயிடுச்சு, என் கதை உன் கண்ணுக்குள்ள போயிடுச்சு. இனிமே ம் வேண்டாம், தூங்கு.