ஒரே பாட்டு ராஜா

ஒரு ஊரில், எந்த ஊர் என்று கேட்டால் கதை அங்கேயே நின்றுவிடும், மகுடபூபதி என்று ஒரு ராஜா இருந்தான். அவனுக்குத் தன் மேலேயே அத்தனை ஆசை. தன்னைப் புகழ்ந்து தானே ஒரு பாட்டுக் கட்டி, "இனிமே நாட்டுல வேற பாட்டே கூடாது" என்று தண்டோராவும் போட்டுவிட்டான்.

அரண்மனைக்குப் பால் ஊற்றுகிறவள் பூங்காவனம். அவள் கைக்குழந்தைக்கு ஒரே ஒரு தாலாட்டைக் கேட்டால்தான் கண் சொருகும். அவள் நேரே போய் நின்றாள்.

"ராசா, அது எங்கம்மா எனக்குப் பாடினது. அவ போயிட்டா, அதுதான் மிச்சம். விட்டுடுங்க."

"என் பாட்டைப் பாடு, தூங்கும்."

"பால் கறக்கவும் இதேவா?"

"இதே."

"சாவு வீட்டுலயும்?"

"எத்தனை தடவைடி சொல்றது? எல்லாத்துக்கும் இதே."

சரி, உத்தரவு என்று வந்துவிட்டாள். அப்புறம் தொட்டிலை ஆட்டி 'வாராரே வாராரே மகுடபூபதி' என்று இழுத்துப் பாடினாள், குழந்தை நாலு நாள் அழுது அஞ்சாம் நாள் தூங்கியது. புதுசாகக் கன்று ஈன்ற எருமை, அதற்கு வேறு பாட்டே தெரியாது, அதுவும் இதைக் கேட்டுத்தான் பால் சுரந்தது. ஊரில் யாராவது செத்தால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இதையே ஒப்பாரியாக்கி மாரில் அடித்துக்கொண்டார்கள். பிள்ளைகளா, என்ன சிரிப்பு அங்கே? கதையைக் கேளுங்கள்.

மூன்று வருஷம் போனது. ராஜாவுக்குக் கல்யாணம். பெண்ணோடு பக்கத்து நாட்டு ராஜா வந்து இறங்கினான். மந்திரி கையைக் காட்ட, ஊரே 'வாராரே' என்று எடுத்ததுதான் தாமதம், இடுப்புப் பிள்ளைகள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டன. எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தது. கிழவிகள் தலையை அவிழ்த்துப்போட்டு வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். வேண்டுமென்று இல்லை, பாவம். போன புருஷனும் போன பிள்ளையும் அந்த ராகத்தோடு வந்துவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

"இது மாப்பிள்ளைக்குப் பாடறதா, பாடைக்குப் பாடறதா?" என்றான் பெண்ணின் அப்பன்.

"தாலிக்கு முன்னாடியே ஒப்பாரியாப்பா? வண்டியைத் திருப்புங்க" என்றாள் பெண். போயே போய்விட்டாள்.

"என் பாட்டை என்னடி பண்ணினே?" என்று ராஜா பூங்காவனத்தைப் பார்த்துக் குதித்தான்.

"நீங்க சொன்னதைத்தான் ராசா. பாட்டு உங்களுது. தூக்கமும் அழுகையும் எங்களுது, அது பாட்டுல ஏறிக்கிச்சு. இனி கழுவினாலும் போகாது."

"அப்ப என் பாட்டை இனி ஒருத்தரும் பாடக்கூடாது. உங்க பழசையே பாடித் தொலைங்க."

அன்றைக்கே பூங்காவனம் அம்மா தாலாட்டை எடுத்தாள். குழந்தை முழித்து முழித்துப் பார்த்து, பாதிப் பாட்டில் தூங்கிப்போனது. எருமை மட்டும் மடியை இறுக்கிக்கொண்டது. மறுநாள் அரண்மனையில் தயிர் இல்லை, மோர் இல்லை, நெய் இல்லை. ராஜா கொட்டிலுக்கே ஓடிவந்தான்.

"உங்க பாட்டை நான் பாடக்கூடாதுன்னு உங்க உத்தரவு ராசா" என்றாள் பூங்காவனம், செம்பை முழங்காலில் இடுக்கிக்கொண்டு. "நீங்கதான் பாடணும்."

அன்றிலிருந்து தினம் விடிந்தால் ராஜா எருமை முன்னால் நின்று தன் பெருமையைத் தானே பாடினான், அது அசைபோட்டுக்கொண்டே கேட்டது. அவ்வளவுதான் கதை. அடுத்தவள் தாலாட்டில் கை வைக்காதீர்கள். போய்ப் படுங்கள்.