மைனா சொன்ன மூன்று மணி நேரம்

விமான நிலையத்தை ஒட்டிய ஏரியில் குளிர்காலம் முழுக்க வரித்தலை வாத்துகள் தங்கியிருந்தன. வெயில் ஏறத் தொடங்கியதும் பனிமலைக்கு அப்பாலுள்ள சொந்த ஏரிக்குத் திரும்ப ஆயத்தமாயின. நெடும்பயணம் அது. வழியில் இரை கிடைப்பது அரிது. அதனால் எல்லா வாத்துகளும் விடாமல் மேய்ந்து உடம்பில் கொழுப்பேற்றிக்கொண்டன.

செங்காலன் மட்டும் மேயவில்லை. தண்ணீரில் தன் கழுத்து வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்திலேயே தான்தான் அழகன் என்பது அவன் எண்ணம். வேறு யாரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை.

விமான நிலையக் கூரையில் குடியிருந்த மைனா ஒன்று அவனிடம் பேச்சுக்கொடுத்தது. ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பெல்லாம் அதற்கு மனப்பாடம். எந்த ஊர் எவ்வளவு தூரம், போய்ச்சேர எவ்வளவு நேரம் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லும். ஆனால் அந்த ஏரிக்கரையைத் தாண்டி ஒருநாளும் அது பறந்ததில்லை.

“பனிமலைக்கு மூன்று மணி நேரம்தான். உங்கள் கூட்டம் ஏன் இப்படி நாள்கணக்கில் இழுக்கிறது?” என்றது மைனா.

செங்காலனுக்கு அது தேனாக இனித்தது. மூன்று மணி நேரத்துக்கு எதற்குக் கொழுப்பு? உடம்பு பெருத்தால் அழகு போய்விடுமே! மூத்த வாத்துகள் சும்மா பயம் காட்டுகின்றன என்று முடிவுகட்டினான்.

அவனுடைய இணை முகிலி கெஞ்சிப் பார்த்தாள். போன ஆண்டு எத்தனை ஏரிகளில் இறங்கி இளைப்பாறினோம், மலையடிவாரத்தில் காற்றுக்காக எப்படிக் காத்துக் கிடந்தோம் என்று நினைவூட்டினாள்.

“நீ சிறகடித்துக் கண்டதைவிட அந்த மைனா காதால் கேட்டது பெரிதா?” என்றாள்.

“போன ஆண்டு வழி தெரியாமல் சுற்றிப் போயிருப்போம்” என்றான் செங்காலன்.

தெற்குக் காற்று வீசியதும் கூட்டம் கிளம்பியது. செங்காலன் நகரவில்லை. நிதானமாக வந்தாலும் உங்களுக்கு முன்னால் போய் நிற்பேன் என்றான். பனிமலைக்கு அப்பால் கோடைக்காலம் மிகக் குறைவு. தாமதித்தால் முட்டையிட நேரமிருக்காது. முகிலி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பறந்தாள்.

சில நாள் இறகு கோதிவிட்டுச் செங்காலன் புறப்பட்டான். நண்பகலுக்குள் மூச்சு வாங்கியது. மாலையில் சிறகு துவண்டு, யாரோ ஒருவருடைய வயலோரக் குட்டையில் விழுந்தான். பனிமலை இருக்கட்டும், ஒரு குன்றுகூடக் கண்ணில் படவில்லை. குட்டையில் கிடந்த எருமையிடம் பனிமலை பக்கத்தில்தானே என்று கேட்டான்.

“பனிமலையா, அப்படி எதுவும் இங்கே இல்லையே” என்றது எருமை.

பாதி நடந்தும் பாதி பறந்தும் பழைய ஏரிக்கே வந்துசேர்ந்தான். மைனாவைத் தேடிப்போய்ச் சண்டை பிடித்தான்.

“நான் சொன்னது விமானம் போகிற நேரம். நீ போவாய் என்று எப்போது சொன்னேன்?” என்று சொல்லிவிட்டு மைனா பறந்துபோனது.

கோடையில் ஏரி வற்றியது. காகங்கள் கொத்த, செங்காலன் சேற்றில் கிடந்து எப்படியோ உயிர் பிழைத்தான். மழையில் ஏரி மறுபடி நிரம்ப, குளிர்காலத்தில் கூட்டம் திரும்பியது. முகிலியின் பின்னால் குஞ்சுகள் வந்தன. பக்கத்தில் வேறோர் ஆண் வாத்து வந்தது. செங்காலன் ஒதுங்கி வழிவிட்டான்.

தன் அனுபவத்தைத் தள்ளிவிட்டுக் காதுக்கு இனிப்பதை நம்புகிறவன், சிறகு இருந்தும் ஊர் போய்ச் சேரமாட்டான்.